லியோன் நகரை நடந்தே சாப்பிட்டுப் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்காகச் சில ஆண்டுகள் லியோனில் இருந்தேன். அதனால் பிரான்ஸ் போகும் சொந்தக்காரர்கள், நண்பர்கள், நண்பர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யாராவது ஒருவர் மாதம் ஒருமுறையாவது வாட்ஸ்அப்பில் கேட்டுவிடுவார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவர்கள் கேட்ட மாதிரியே போட்டு, எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

பாரிஸ் போறோமே, அது போதாதா? சாப்பாட்டுக்காக லியோன் வரைக்கும் எதுக்குப் போகணும்?

பாரிசிலிருந்து டிஜிவி என்ற அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம்தான். காலையில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு லியோனில் இருக்கலாம். ஆனாலும் ஒரு இரவு தங்கினால்தான் ஊர் பிடிபடும்.

வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் காரணம் புரியும். வடகிழக்கே ப்ரெஸ் கோழி (நீலக் கால், வெள்ளை இறகு, சிவப்புக் கொண்டை), வடக்கே போஜொலே திராட்சைத் தோட்டங்கள், மேற்கே ஷரோலே மாடுகள், கிழக்கே ஆல்ப்ஸ் மலையின் பாலும் சீஸும், தெற்கே ரோன் பள்ளத்தாக்கின் பழமும் காய்கறியும். எல்லாம் வந்து சேரும் இடத்தில் ஊர் இருக்கிறது. குர்னோன்ஸ்கி என்ற பிரெஞ்சு உணவு எழுத்தாளர் 1935-இல் லியோனை உலகச் சமையலின் தலைநகரம் என்றார். ஊர்க்காரர்கள் இன்றும் அதைச் சொல்லிக்கொள்வார்கள்.

என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய காரணம் 'மேர்' என்று அழைக்கப்பட்ட பெண்கள். மேர் என்றால் அம்மா. பணக்கார வீடுகளில் சமையல்காரிகளாக இருந்தவர்கள் வெளியே வந்து சொந்தமாகச் சாப்பாட்டுக்கடை வைத்தார்கள். அவர்களில் யூஜெனி பிராஸியே 1921-இல் ரூ ருவாயால் தெருவில் கடை திறந்தார். 1933-இல் அவருடைய இரண்டு உணவகங்களுக்கும், உணவகங்களைத் தரம் பிரிக்கும் மிஷ்லான் கையேட்டின் தலா மூன்று நட்சத்திரங்கள் கிடைத்தன. ஆறு நட்சத்திரங்களை ஒரே நேரத்தில் வைத்திருந்த முதல் ஆள் அவர்தான். பின்னால் உலகப் புகழ் பெற்ற சமையல் கலைஞர் பால் போக்யூஸ், இளம் வயதில் அவருடைய சமையலறையில் வேலை கற்றவர்.

கைடு இல்லாம நாமளே சுத்திப் பார்க்க முடியுமா?

தாராளமாக. ரோன், சோன் என்று இரண்டு ஆறுகள், நடுவில் நீளமான ஒரு நிலத்துண்டு (அதற்குப் பிரஸ்கீல் என்று பெயர்), பக்கத்தில் இரண்டு குன்றுகள். வழி தவறினாலும் ஏதாவது ஒரு ஆற்றங்கரைக்கு வந்துவிடுவீர்கள். ஃபூர்வியேரைத் தொழும் குன்று என்றும், பட்டுத் தறிகள் ஓடிய குருவா-ரூஸை உழைக்கும் குன்று என்றும் சொல்வார்கள். பழைய ஊர் முழுக்க 1998-இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது.

கைடோடு போனால் கதை கிடைக்கும். ஆனால் ஒரே தட்டைப் பத்துப் பேருக்குப் பங்கிட்டுத் தருவார்கள், அடுத்த கடைக்கு அவசரப்படுத்துவார்கள். தனியாகப் போனால் பிடித்த கடையில் அரை மணி நேரம் நிற்கலாம்.

சரி, எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கணும்?

மேலே ஆரம்பித்துக் கீழே இறங்குங்கள். ஒத்தெல் து வில் நிலையத்திலிருந்து சி பாதை மெட்ரோ, பல்சக்கரம் வைத்துச் செங்குத்தாக ஏறி குருவா-ரூஸ் கொண்டுபோய் விடும். வெளியே வந்தால் புல்வார் என்ற அகலச் சாலை நெடுக காலைச் சந்தை. அங்கே ஒரு பழம், ஒரு துண்டு சீஸ், பக்கத்து பேக்கரியில் ரொட்டி வாங்கிக்கொண்டு, புல்வாரின் கிழக்குக் கோடியில் இருக்கும் பெரிய பாறைக்குப் போங்கள். குரோ கயூ என்பார்கள். அதன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் கீழே ரோன் ஆறு தெரியும், வானம் தெளிவாக இருந்தால் தூரத்தில் ஆல்ப்ஸும் தெரியும்.

அப்புறம் சரிவில் இறங்குங்கள். ஜன்னல்கள் எவ்வளவு உயரம் என்று கவனியுங்கள். ஜக்கார் என்ற பட்டுத் தறி உயரமானது என்பதால் கூரையை 4 மீட்டர் வரை தூக்கிக் கட்டினார்கள். இறங்கும் வழியில் குர் தே வொராஸ் முற்றத்தின் ஆறு மாடிப் படிக்கட்டைப் பாருங்கள். தெரோ சதுக்கம் தாண்டி பிரஸ்கீல் வழியாக நடந்தால் சோன் ஆற்றங்கரையில் கே சான்-அந்துவான் சந்தை வரும். அங்கிருந்து சிவப்புக் கம்பம் வைத்த நடைப்பாலத்தைக் கடந்தால் வியே லியோன், அதாவது பழைய லியோன். மொத்தம் 3 கிலோமீட்டர் போல வரும். சாப்பிட்டுக்கொண்டே போனால் முழு நாள்.

எத்தனை மணிக்குக் கிளம்பணும்? மெதுவாப் போனா பரவாயில்லையா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். இந்த ஊரில் எந்தக் கடை என்பதைவிட எத்தனை மணி என்பதுதான் முக்கியம். ஒவ்வொருவரும் என்னிடம் கேட்பது கடைகளின் பட்டியல். பட்டியலோடு போய், மூடிய கதவைப் பார்த்துவிட்டு, கடைசியில் பர்கர் சாப்பிட்டு வருகிறார்கள்.

சந்தைகள் காலையில்தான். மதியம் ஒரு மணிக்குக் கூடையைக் கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். மதியச் சாப்பாடு 12-லிருந்து 2 வரை, அதிலும் ஒன்றரைக்கு மேல் போனால் சமையலறை முகம் சுளிக்கும். இரவுச் சாப்பாடு பெரும்பாலும் ஏழு மணிக்கு மேல்தான். நடுவில் இருக்கும் நேரம் பேக்கரிக்கும் காபிக்கடைக்கும் உரியது. முதல் தடவை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனபோது ஒரு கடைக்கு 2.10-க்குப் போய்ச் சேர்ந்தோம். பாதி மேசைகளில் ஆட்கள் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், எங்களுக்கு மட்டும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு அது அவமானமாகப் பட்டது. உண்மையில் அடுப்பை அணைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

கிழமையும் பாருங்கள். திங்கட்கிழமை வேண்டவே வேண்டாம்: சந்தை இருக்காது, நல்ல கடைகள் பல மூடியிருக்கும். ஞாயிறு காலைச் சந்தை ஜோராக இருக்கும், ஆனால் இரவுக்குக் கடை தேடி அலைய வேண்டும். செவ்வாய் முதல் சனி வரை நல்லது. ஆகஸ்ட்டில் முதலாளிகளே விடுமுறைக்குப் போய்விடுவார்கள்.

பூஷோன் பூஷோன்னு சொல்றாங்களே, அது ரெஸ்டாரன்ட்தானே?

ரெஸ்டாரன்ட்தான், ஆனால் லியோனுக்கே உரிய வகை. சின்ன இடம், நெருக்கமான மேசைகள், கட்டம் போட்ட மேசைவிரிப்பு, பக்கத்து மேசைக்காரரின் முழங்கை உங்கள் மேல் இடிக்கும். பட்டு நெசவாளிகளும் கூலிக்காரர்களும் சாப்பிட்ட சாப்பாடு இது. நல்ல கறி பணக்காரர் வீட்டுக்குப் போன பிறகு மிஞ்சிய குடல், ஈரல், கால், தலை ஆகியவற்றை எப்படி ருசியாக்குவது என்று யோசித்தவர்களின் சமையல். வைன் 46 சென்டிலிட்டர் பிடிக்கும், அடி தடித்த கண்ணாடிக் குப்பியில் வரும். அந்தக் குப்பிக்குப் போ என்று பெயர்.

நெடுஞ்சாலையில் பூஷோன் என்று எழுதியிருந்தால் சாப்பாடு என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே அதற்குப் போக்குவரத்து நெரிசல் என்று பொருள்.

மெனு கார்டுல ஒண்ணும் புரியல. எதை ஆர்டர் பண்றது?

முதல் தடவை என்றால் கெனெல். ஆற்றுமீன் ஒன்றின் (ப்ரோஷே) சதையை அரைத்து, மாவு, முட்டை, வெண்ணெய் சேர்த்து நீளுருண்டையாகப் பிடித்து, நன்னீர் இறால் வகையில் செய்த நான்துவா சாஸ் ஊற்றி அடுப்பில் வைப்பார்கள். மேசைக்கு வரும்போது ஊதிப் பெருத்து, ஓரத்தில் சாஸ் கொப்பளித்துக்கொண்டு வரும். கரண்டியால் மேல்தோலைத் தொட்டதும் மெல்ல அமுங்கும். உள்ளே பஞ்சு மாதிரி, மீன் என்று சொன்னால்தான் தெரியும். வந்ததும் போட்டோ எடுத்துக்கொண்டிருக்காதீர்கள், இரண்டு நிமிடத்தில் தட்டையாகிவிடும். சாஸை ரொட்டியால் துடைத்துச் சாப்பிடுவது அங்கே தப்பில்லை.

குடல் சாப்பிடுபவர்கள் தப்லியே து சப்பேர் கேளுங்கள். மாட்டு இரைப்பையை வைனில் ஊறவைத்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தது. ஆந்துய்யெத் என்பது குடலில் செய்த சாசேஜ், வாசனை ரொம்பத் தூக்கலாக இருக்கும், பழக்கம் இல்லாதவர்கள் பக்கத்தில் இருப்பவர் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சலாத் லியோனெஸ் என்பது கசப்புக் கீரை, பொரித்த பன்றித் துண்டுகள், ரொட்டித் துண்டுகள், மேலே அரைவேக்காட்டு முட்டை. முட்டையை உடைத்துவிட்டு எல்லாவற்றையும் கலந்து சாப்பிட வேண்டும்.

நாங்க மாட்டுக்கறி, பன்னிக்கறி சாப்பிட மாட்டோம். எங்களுக்கு ஏதாவது இருக்கா?

இருக்கிறது, ஆனால் கேட்டுக் கேட்டுச் சாப்பிட வேண்டும். மேலே சொன்ன கெனெல், கூடவே பூலே ஓ வினேக்ர், அதாவது வினிகர் சாஸில் வேகவைத்த கோழி. புளிப்பும் காரசாரமும் கேட்கும் நம் நாக்குக்கு அந்த ஊரில் இதுதான் மிக நெருக்கம். கோழி ஈரலில் செய்த கேக் மாதிரியான ஒன்றும் உண்டு, தக்காளி சாஸோடு வரும். சாஸில் கன்றுக்கறிச் சாறு சேர்க்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள்.

முக்கியமாக ஒன்று. உட்கார்ந்ததும் கேட்காமலேயே ஒரு கிண்ணத்தில் மொறுமொறுவென்று ஏதோ வைப்பார்கள். வறுகடலை மாதிரி எல்லோரும் கை வைத்துவிடுகிறார்கள். அதற்குக் கிராத்தோன் என்று பெயர், பன்றிக்கொழுப்பைப் பொரித்தது. "சான் போர்" என்று சொன்னால் பன்றி இல்லாமல் என்று புரிந்துகொள்வார்கள்.

ஹலால் கிடைக்குமா?

பூஷோனில் எதிர்பார்க்க வேண்டாம். ரோன் ஆற்றைக் கடந்து கியோட்டியேர் பகுதிக்குப் போங்கள், டி பாதை மெட்ரோ. வட ஆப்பிரிக்கக் கடைகள், குஸ்குஸ், சுட்ட கறி, தேன் சொட்டும் இனிப்புகள், பக்கத்திலேயே சீன, வியட்நாம் கடைகள். இதுவும் லியோன் சாப்பாடுதான். பல தலைமுறைகளாக அங்கே வாழ்கிறவர்களின் சமையலை விட்டுவிட்டு ஊரைப் பார்த்ததாக நான் சொல்ல மாட்டேன்.

நாங்க சுத்த சைவம். பட்டினிதானா?

பட்டினி இல்லை. ஆனால் பூஷோனில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள், உங்கள் நாளைச் சந்தையை வைத்து அமைத்துக்கொள்ளுங்கள். செர்வெல் து கனூ என்று ஒன்று இருக்கிறது. பட்டு நெசவாளியின் மூளை என்று பொருள், பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தயிர் போன்ற புதுச் சீஸில் பூண்டு, சின்ன வெங்காயம், பச்சை மூலிகைத் தழைகள், எண்ணெய், வினிகர் போட்டு அடித்தது. வேகவைத்த உருளைக்கிழங்கோடு சாப்பிடலாம், ரொட்டியில் தடவலாம். உருளைக்கிழங்கைப் பாலாடையில் வேகவைத்த கிராத்தான் தொஃபினுவாவும் பல இடங்களில் கிடைக்கும். கெனெலில் மீன் போடாத 'நாத்யூர்' வகை உண்டு, முட்டை சாப்பிடுபவர்களுக்குச் சரிப்படும். சலாத் லியோனெஸைச் சாலட்தானே என்று வாங்கிவிடாதீர்கள், அதில் என்ன இருக்கிறது என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

சீஸ் சைவம்தானே?

எப்போதும் இல்லை. பாரம்பரியமான பிரெஞ்சுச் சீஸ் பலவற்றில் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதியைச் சேர்ப்பார்கள். செர்வெல் து கனூவில் போடும் புதுச் சீஸிலும் அது கொஞ்சம் இருக்கலாம். கண்டிப்பானவர்கள் கடையில் "ப்ரெசூர் அனிமால்?" (விலங்கு நொதியா?) என்று கேளுங்கள். தாவர வகை என்றால் "வெஜெதால்" என்பார்கள். பலருக்கு ஊருக்குத் திரும்பிய பிறகுதான் இது தெரிய வருகிறது, மனசு கஷ்டப்படுகிறது. அதனால் முன்பே சொல்கிறேன்.

ஒரே ஒரு சீஸ் வாங்கிப் பார்க்கணும்னா எது?

சான் மார்ஸெலான். உள்ளங்கையில் அடங்கும் சின்ன வட்டம், பசும்பால். கடைக்காரர் என்றைக்குச் சாப்பிடப் போகிறீர்கள் என்று கேட்பார். இன்றைக்கு என்று சொன்னால் ஒவ்வொன்றாக விரலால் லேசாக அழுத்திப் பார்த்து ஒன்றை எடுத்துத் தருவார். நன்றாகப் பழுத்தது தட்டில் நிற்காது, தோலைக் கீறினால் பாகு மாதிரி ஓடும், கரண்டியால்தான் எடுக்க வேண்டும். வாசனை பலமாக இருக்கும், ருசி அவ்வளவு பலமாக இருக்காது.

எல்லா பேக்கரியிலயும் ரோஸ் கலர்ல ஒரு இனிப்பு இருக்கே, கலர் பொடியா?

ஆமாம், சாயம்தான், மறைக்க ஒன்றுமில்லை. பாதாம் பருப்பின் மேல் சிவப்புச் சாயம் ஏற்றிய சர்க்கரைப்பாகை அடுக்கடுக்காகப் பூசினால் கரடுமுரடான ப்ரலின் உருண்டைகள் கிடைக்கும். அதை உடைத்துப் பாலாடையில் காய்ச்சி, மாவுத்தட்டில் ஊற்றினால் ப்ரலின் தார்த். வெட்டும்போது கத்தியில் பளபளவென்று ஒட்டும், ஓரம் மிட்டாய் மாதிரி இழுக்கும், நடுவில் பாதாம் நறுக்கென்று கடிபடும். ரொம்பத் தித்திப்பு. ஒரு துண்டை இரண்டு பேர் பங்கு போடுங்கள், கூடக் கசப்புக் காபி.

நடக்கும்போது தின்ன ப்ரலின் போட்ட ப்ரியோஷ் ரொட்டிதான் வசதி. பிப்ரவரி பக்கம் போனால் பூன்ய் என்று பொரித்த மாவு இனிப்பு குவித்து வைத்திருப்பார்கள், காகிதப் பையில் வாங்கிக்கொண்டு நடங்கள்.

லே ஆல் பால் போக்யூஸ் மார்க்கெட்டுக்குக் கண்டிப்பாப் போகணுமா?

நேரம் இருந்தால் போங்கள், ஆனால் முதல் நாளே வேண்டாம். பார்-தியூ ரயில் நிலையத்துக்கு நடந்துபோகிற தூரத்தில், 1971-இல் கட்டிய மூடிய சந்தை இது. 2006-இல் போக்யூஸ் பெயர் வைத்தார்கள். பொருள்கள் மிக உயர்ந்த தரம், விலையும் அப்படியே. நான் சொன்ன நடைப்பாதையிலிருந்து இது விலகி இருப்பதால், ஊருக்குக் கிளம்பும் நாள் காலையில் பெட்டியோடு போவது சரிவரும். ஆற்றங்கரைச் சந்தையில் விற்பவரே விளைவித்தவராக இருக்க வாய்ப்பு அதிகம். ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் ஆற்றங்கரைக்குத்தான் போவேன்.

டிராபூல்னு ஏதோ ரகசிய வழியாமே, கதவைத் தள்ளிட்டு உள்ள போகலாமா?

ஒரு தெருவிலிருந்து கட்டடங்களின் உள்ளே புகுந்து அடுத்த தெருவில் வெளிவரும் பாதைகள் அவை. நெசவாளிகள் பட்டை நனையாமல் கொண்டுபோனது அதன் வழியாகத்தான். 1831-இல் கனூக்கள், அதாவது பட்டு நெசவாளிகள், கூலிக்காகக் கிளர்ந்து எழுந்தபோதும் அவை உதவின. பொதுமக்களுக்குத் திறந்தவை பலவற்றில் கதவருகே அடையாளப் பலகை இருக்கும். பழைய லியோனில் 54, ரூ சான்-ழானில் நுழைந்தால் நான்கு முற்றங்களைக் கடந்து 27, ரூ து பஃப் தெருவில் வெளிவரலாம்.

உள்ளே குடும்பங்கள் வாழ்கின்றன. குரலைத் தாழ்த்துங்கள், தின்பண்டத்தை வெளியே முடித்துவிட்டுப் போங்கள், ப்ரியோஷ் துகளை அவர்கள் வாசலில் உதிர்க்காதீர்கள். காலையில் போனால் கதவு திறந்திருக்க வாய்ப்பு அதிகம்.

பழைய லியோன்ல எல்லா கடையும் பூஷோன்னு போர்டு வெச்சிருக்கே, எது நிஜம்?

ரூ சான்-ழான் தெருவில் அந்தக் குழப்பம் எல்லோருக்கும் வரும். 2012-இலிருந்து 'லே பூஷோன் லியோனே' என்ற அதிகாரபூர்வ முத்திரை இருக்கிறது, வாசலில் ஒட்டியிருக்கும். அது ஒரு வழி. முத்திரை இல்லாமலே நல்ல கடைகளும் உண்டு, அதனால் மெனு அட்டையைப் படியுங்கள். ஒரு பக்கத்துக்குள் முடிகிற பட்டியல், அன்றைக்கான சாப்பாடு கரும்பலகையில், மதியம் ஊர்க்காரர்கள் தனியாக வந்து உட்கார்ந்து சாப்பிடுவது: இவை நல்ல அறிகுறிகள். பீட்சா, பர்கர், கெனெல் எல்லாம் படத்தோடு எட்டு மொழியில் போட்டிருந்தால் கடந்து போய்விடுங்கள். மதிய மெனு இரவைவிட நன்றாகவே மலிவு, அதே அடுப்பு, அதே கை.

மாஷோன்னு காலையிலயே கறியும் வைனும் சாப்பிடுவாங்களாமே?

நிஜம்தான். விடியுமுன் தறிக்குப் போனவர்களுக்குக் காலை ஒன்பது மணி என்பது பாதி நாள். அப்போது உட்கார்ந்து பன்றி இறைச்சி வகைகள், குடல், சீஸ், போஜொலே வைன் என்று சாப்பிட்டதுதான் மாஷோன். இன்றும் சில பூஷோன்களில் குறிப்பிட்ட நாள்களில் போடுகிறார்கள், முன்பதிவு வேண்டும். நடைப்பயணம் இருக்கும் நாளில் வேண்டாம், அதற்குப் பிறகு கால் நகராது. மாஷோனுக்கென்று தனியாக ஒரு காலையை வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணி காசா? டிப்ஸ் எவ்வளவு?

"யுன் கராஃப் தோ" என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசம், ரொட்டியும் இலவசம். வெறுமனே தண்ணீர் என்றால் பாட்டில் வந்துவிடலாம். சேவைக் கட்டணம் விலையிலேயே அடக்கம். மனசுக்குப் பிடித்திருந்தால் ஓரிரு யூரோ வைத்துவிட்டு வாருங்கள்.

பிரெஞ்சு தெரியாதே?

கடைக்குள் நுழைந்ததும் முதல் வார்த்தை "போன்ழூர்", அதாவது வணக்கம். அதைச் சொல்லாமல் நேராக விலை கேட்டால் முகம் மாறும், சொன்னால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் விரலால் காட்டலாம்.

வயசானவங்க, குழந்தைங்க கூட வந்தா?

மேலிருந்து இறங்கச் சொன்னதே அதனால்தான். ஆனாலும் சரிவில் படிகள் நிறைய, பழைய லியோனில் உருளைக் கல் பாவிய தெரு. முட்டி வலி உள்ளவர்கள் குருவா-ரூஸ் சந்தையை முடித்துவிட்டு அதே மெட்ரோவில் கீழே வந்து, பிரஸ்கீலிலிருந்து நடையைத் தொடங்கலாம். ஃபூர்வியேர் தேவாலயத்துக்குப் பழைய லியோனிலிருந்து கம்பி இழுக்கும் ரயில் இருக்கிறது.

ஊருக்கு என்ன வாங்கிட்டுப் போகலாம்?

ப்ரலின் உருண்டை ஒரு பொட்டலம், கெடாது. நவம்பர், டிசம்பரில் போனால் பப்பியோத்: பளபளக்கும் காகிதத்தில் சுற்றிய சாக்லேட், உள்ளே ஒரு பொன்மொழிச் சீட்டு இருக்கும், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

கூஸான் து லியோன் என்று பச்சைத் தலையணை மாதிரி ஒரு மிட்டாய் உண்டு. 1643-இல் கொள்ளைநோய் வந்தபோது நகரத் தலைவர்கள் ஃபூர்வியேர் மாதாவுக்கு நேர்ந்துகொண்டு, பட்டுத் தலையணையில் தங்க நாணயம் வைத்து ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். அதன் நினைவாக வுவாசான் என்ற சாக்லேட் கடை 1960-இல் செய்தது. உள்ளே இருக்கும் சாக்லேட்டில் குராசோ மது வாசனைக்குச் சேர்கிறது, மது தொடாத வீட்டுக்கு வாங்குவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

சீஸ் என்றால் கடையில் "சூ வீத்" என்று சொல்லி காற்றை உறிஞ்சி அடைத்துத் தரச் சொல்லுங்கள். பழுத்த சான் மார்ஸெலானைக் கைப்பையில் வைக்காதீர்கள், விமான நிலையச் சோதனையில் அதைத் திரவம் என்று எடுத்துவிடலாம். பெரிய பெட்டிக்குள், துணிகளுக்கு நடுவில், இரண்டு உறை போட்டு வையுங்கள்.